ஏழாவது இடத்தில் சறுக்கியது: ஃபேன்டஸி ஹாக்கி அணியைப் பிரித்து அளந்த கணக்கு

ஃபேன்டஸி ஹாக்கி என்றால் நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜத்தில் ஆடுவதற்குப் புள்ளி எண்ணுவது. வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-லில் 2024-25 சீசனின் வழக்கமான ஆட்டங்கள் 2025 ஏப்ரல் 17-ல் முடிந்தன. எங்கள் பத்து அணி லீக்கில் ஜூன் 20-க்குள் ஒவ்வோர் அணியும் இருபது பேரில் ஏழு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும். ஐபிஎல் தக்கவைப்பு மாதிரிதான். ஆறு இடங்களைக் குழப்பமில்லாமல் நிரப்ப முடிந்தது. ஏழாவது இடத்துக்கு எடுத்த முடிவு பட்டியல் பூட்டிய ஏழாம் நாளே கெட்டுப்போனது. எந்தக் கட்டத்தில் எது தப்பானது என்று வரிசையாக இங்கே எழுதியிருக்கிறது.

இங்கே ஹாக்கி என்பது பனித்தளத்தில் ஆடுவது. லீக்கில் இருப்பவர்கள் சேலம் பக்கம் அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், சூரமங்கலம், ஏற்காடு என்று சிதறியிருக்கிறார்கள். பணம் கட்டி ஆடுவதில்லை. முதலிடத்துக்கு ஏற்காட்டுக் காப்பித்தூள் ஒரு கிலோ. கடைசி அணி எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தரவேண்டும். புள்ளி முறை எளிது: கோலுக்கு 3, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழிசெய்த பாஸ்) 2. கோலிக்கு (கோல் காப்பவர்) வெற்றி 4, தடுத்த ஷாட்டுக்கு 0.2, விட்ட கோலுக்குக் கழித்தல் 1. ஹிட் (எதிராளியை மோதுவது), பிளாக் (ஷாட்டை உடலால் மறிப்பது) எதற்கும் புள்ளி கிடையாது. ஒவ்வோர் அணியிலும் பத்து ஃபார்வர்டு (தாக்குபவர்), ஐந்து டிஃபென்ஸ் (தற்காப்பவர்), இரண்டு கோலி, மூன்று பெஞ்ச். அது போக வளரும் இளைஞர்களுக்கு மூன்று இடம் தனி.

முதல் ஞாயிறு முழுக்கத் தரவு சேர்ப்பதில் போனது. மூன்று சீசன் புள்ளிவிவரத்தை என்.எச்.எல். தளத்திலிருந்தும், ஷாட் விவரங்களை மணிபக் தளத்திலிருந்தும் இறக்கினோம். ஒப்பந்த விவரத்துக்கு முன்பு கேப்ஃப்ரெண்ட்லி போதுமானதாக இருந்தது. 2024-ல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அதை வாங்கி மூடிவிட்டதால் இப்போது பக்பீடியாதான். எல்லாமே இலவசம். செலவு என்று சொன்னால் கடைசியில் ஐந்து ரோடு பக்கம் எடுத்த ஏ3 அச்சுகள் மட்டும்தான்.

விரிதாளில் இரண்டு இடங்களில் தடுக்கியது. ஆடிய நேரம் 24:30 என்று வரும். அது 24 நிமிடம் 30 நொடி. விரிதாள் அதை 24 மணி 30 நிமிடம் என்று எடுத்துக்கொண்டு சராசரியைக் கோணலாக்கிவிடும். ஒவ்வொன்றாகத் திருத்தத் தேவையில்லை. அந்தக் கட்டத்தை 24-ஆல் பெருக்கி, வடிவத்தை வெறும் எண் என்று மாற்றினால் 24.5 என்று நிமிடத்திலேயே வந்துவிடும்.

இரண்டாவது தடுக்கல் பெயர். 2024-25-ல் வான்கூவர் அணியில் இலியாஸ் பெட்டர்சன் என்று இரண்டு பேர் இருந்தார்கள்: ஒருவர் நட்சத்திர ஃபார்வர்டு, மற்றவர் 2025 ஜனவரியில் அறிமுகமான டிஃபென்ஸ் ஆட்டக்காரர். பெயரை வைத்துக் கூட்டினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். ஆட்ட எண்ணிக்கை 82-ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பெயரை விட்டுவிட்டு, என்.எச்.எல். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தரும் ஏழு இலக்க எண்ணை வைத்துத் தேடுவதுதான் பத்திரம். இதை முதலிலேயே செய்திருந்தால் மூன்று மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் ஞாயிறு சராசரி போடும் வேலை. கடைசி சீசனுக்கு 5 பங்கு, அதற்கு முந்தியதற்கு 3, அதற்கும் முந்தியதற்கு 2. ஃபார்வர்டு கைல் கானரை எடுத்துக்கொள்வோம். 2024-25-ல் 82 ஆட்டத்தில் 41 கோல், 56 அசிஸ்ட், ஆட்டத்துக்கு 2.87 புள்ளி. முந்தைய இரண்டு சீசன்களில் 2.40, 2.33. மூன்றையும் பங்கிட்டால் 2.62. ஏறுமுகமாக, மேடுபள்ளம் இல்லாமல் போகிற ஆட்டக்காரருக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது.

டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஸாக் வெரென்ஸ்கிக்கு அது அப்படியே பொருந்தவில்லை. 2022-23-ல் காயத்தால் 13 ஆட்டம்தான் ஆடினார். அந்த 13 ஆட்டத்துக்கும் முழு 2 பங்கு கொடுத்தபோது 1.98 வந்தது. அதனால் 20 ஆட்டத்துக்குக் குறைந்த சீசனை எடுத்துவிட்டு, மீதியை 5-க்கு 3 என்று பங்கிடுவது என்று விதி வைத்தோம். இப்போது 2.11. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 80 ஆட்டத்துக்குப் பெருக்கினால் பத்துப் புள்ளிக்கு மேல், அதாவது எங்கள் லீக்கில் இரண்டு அணிகள் ஒரு வாரம் மோதும் போட்டியின் முடிவையே ஏறக்குறைய மாற்றும் அளவு.

இந்த எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. பத்து அணியிலும் சேர்த்து நூறு ஃபார்வர்டு, ஐம்பது டிஃபென்ஸ் ஆடுகிறார்கள். ஆகவே நூற்றியொன்றாவது ஃபார்வர்டும் ஐம்பத்தொன்றாவது டிஃபென்ஸும் யாருக்கும் வேண்டாமல் சும்மா கிடைப்பவர்கள். எங்கள் புள்ளி முறையில் அப்படிக் கிடைக்கும் ஃபார்வர்டு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1.45, டிஃபென்ஸ் ஏறத்தாழ 0.95. இந்த மட்டத்துக்கு மேலே எவ்வளவு தருகிறார் என்பதுதான் ஓர் ஆட்டக்காரரின் உண்மையான மதிப்பு. கானர் 2.62-லிருந்து 1.45 போக 1.17. வெரென்ஸ்கி 2.11-லிருந்து 0.95 போக 1.16. இருவரும் தராசில் சமம். ஆனால் போன ஆண்டு இதே லீக்கில் கானருக்குப் பாதி விலைக்கு வெரென்ஸ்கி கைமாறினார்.

மூன்றாம் ஞாயிறு பெட்டர்சனிடம் வந்து நின்றோம், ஃபார்வர்டு பெட்டர்சன். 2022-23-ல் 102 பாயின்ட் (கோலும் அசிஸ்டும் சேர்ந்த எண்ணிக்கை, எங்கள் புள்ளி அல்ல), அடுத்த ஆண்டு 89, 2024-25-ல் 64 ஆட்டத்தில் 45. எங்கள் பங்கீட்டு முறை இவருக்கு 2.20 என்கிறது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று வைத்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கடைசி சீசனை மட்டும் தனியே பார்த்தால் 1.64. எந்த எண்ணை நம்புவது?

இதற்குச் சராசரியில் பதில் கிடைக்காது, ஷாட்டில் கிடைக்கும். கோல் குறைந்து ஷாட் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் அது நேரம் சரியில்லாத ஆண்டு; பொறுத்திருக்கலாம். ஷாட்டே குறைந்திருந்தால் உள்ளே எதுவோ தேய்ந்திருக்கிறது: காயம், இடம், நம்பிக்கை, எதுவாகவும் இருக்கலாம். பெட்டர்சன் 2022-23-ல் ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல் அடித்தார். 2024-25-ல் இரண்டைக்கூடத் தொடவில்லை. அடித்த ஷாட்டில் கோலாகும் விகிதம் மோசமில்லை, ஷாட்தான் வரவில்லை. இப்படிப்பட்டவருக்குப் பழைய சீசன்களின் பங்கைக் கூட்டிக் காட்டுவது ஏட்டுச் சுரைக்காய். பட்டியல் பூட்டுவதற்கு முன்பே, எங்கள் டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக ஆட்டக்காரரை எடுக்கும் நிகழ்வு) இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு அவரை மாற்றிக்கொண்டோம். வான்கூவருக்கு அப்போது புதிய பயிற்சியாளர் வந்திருந்தார், பெட்டர்சன் மீண்டு எழவும் கூடும். அந்த வாய்ப்புக்கு ஏழில் ஓர் இடத்தை அடைத்து வைக்க முடியாது என்பதுதான் முடிவு.

எதிர்த் திசையில் மார்கன் கீக்கி. 33 கோல் அடித்தார், ஆனால் ஷாட் ஏறத்தாழ 150-தான். 22 சதவீதம் கோலானது. இந்த விகிதம் நிலைப்பது அரிது. வேகாஸின் வில்லியம் கார்ல்சன் 2017-18-ல் 23.4 சதவீதத்தில் 43 கோல் அடித்துவிட்டு, அடுத்த ஆண்டு 24-க்கு இறங்கினார். ஆனால் எல்லோரையும் லீக் சராசரிக்கு இழுத்துவிடவும் கூடாது. லியோன் டிரைசைட்டில் மாதிரி ஆண்டுதோறும் உயர்ந்த விகிதத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு அவருடைய வாழ்நாள் விகிதம்தான் அளவுகோல். கீக்கிக்கு அப்படி நீண்ட வரலாறு இல்லாததால் 14 சதவீதம் வைத்தோம்: 21 கோல், அதே 24 அசிஸ்ட், ஆட்டத்துக்கு 1.44. சும்மா கிடைப்பவரின் மட்டத்துக்கே வந்து நிற்கிறது. விட்டுவிட்டோம். பாஸ்டனில் நட்சத்திர ஃபார்வர்டு பாஸ்டர்னாக்கின் பக்கத்தில் அவர் தொடர்ந்து ஆடினால் இந்தக் கணக்கு பொய்க்கலாம். அதற்காகத்தான் டிராஃப்டில் ஆறாம் சுற்றுக்கு மேல் அவர் மிஞ்சினால் திரும்ப எடுப்பது என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறது.

ஒரே சீசன் ஆடியவர்களுக்குப் பங்கீடே கிடையாது. மாக்லின் செலப்ரீனி 70 ஆட்டத்தில் 25 கோல், 38 அசிஸ்ட்: 2.16. மத்வே மிச்கோவ் 80 ஆட்டத்தில் 26 கோல், 37 அசிஸ்ட்: 1.90. இரண்டாம் ஆண்டில் இன்னும் ஏறுவார்கள் என்று கூட்டிப் போடத் தோன்றும். கானர் பெடார்ட் முதல் ஆண்டு 2.12, இரண்டாம் ஆண்டு 1.91. ஆகவே எதையும் கூட்டாமல் வந்த எண்ணையே வைத்தோம். அப்படியும் இருவரும் ஏழுக்குள் வந்துவிட்டார்கள். மார்க் ஷைஃப்லிக்கு அப்போது 32 வயது, கடைசி சீசன் 2.60. வயதுக்காக ஒரு பத்து சதவீதம் கழித்தும் 2.34 நிற்கிறது. அவரும் உள்ளே.

கோலி விஷயத்தில்தான் நீண்ட நாள் தப்பாக நினைத்திருந்தோம். தடுப்பு விகிதம் நல்லதா என்று மட்டும் பார்த்து கோலியைத் தேர்ந்தோம். கணக்கு வேறு சொல்கிறது. ஆட்டத்துக்கு 30 ஷாட் என்று கொள்வோம். 0.925 விகிதத்தில் தடுத்தால் வெற்றியைச் சேர்க்காமல் 3.30 புள்ளி, 0.896 விகிதத்தில் 2.26. வித்தியாசம் 1.04, அறுபது ஆட்டத்துக்கு 62. இப்போது வெற்றியைப் பாருங்கள். 0.925-க்குச் சொந்தக்காரர் வின்னிபெக்கின் கானர் ஹெல்லபக், 47 வெற்றி. 0.896 நாஷ்வில்லின் யூசே சாரோஸ், 20 வெற்றி. 27 வெற்றி வித்தியாசத்தை நாலால் பெருக்கினால் 108. கோலியின் கையைவிட அவருக்கு முன்னால் நிற்கும் அணிதான் எங்கள் முறையில் அதிகப் புள்ளி தருகிறது. வின்னிபெக் 116 பாயின்டோடு (இது அணிகளின் தரவரிசைப் பாயின்ட்) லீக்கில் முதலிடம், நாஷ்வில் 68. சாரோஸின் விகிதமும் மூன்று ஆண்டாக 0.919, 0.906, 0.896 என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது. அவரை விட்டுவிட்டு கால்கரியின் டஸ்டின் வுல்ஃபை வைத்தோம்: 53 ஆட்டம், 29 வெற்றி, 0.910. கால்கரி 96 பாயின்ட் எடுத்தும் பிளேஆஃபுக்குப் போகாத அணி. ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கும் அணி இல்லை.

கோலியை அன்றாடம் மாற்றுவதில் சேலத்தில் இருப்பது ஒரு வசதி. யார் நிற்கப்போகிறார் என்பது அங்கே காலைப் பயிற்சியில் தெரியும். நமக்கு அது இரவு 8-லிருந்து 10-க்குள். முதல் ஆட்டம் நமக்கு விடியற்காலை 4.30-க்கு, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 5.30-க்கு. படுக்கப்போகும் முன் அணியைச் சரிசெய்தால் போதும். அட்டவணையில் தேதிக்கு ஒரு நாள் கூட்டி எழுத மறந்தால் மட்டும் வாரக் கடைசியில் ஓர் ஆட்டம் விடுபடும்.

இனி ஏழாவது இடம். நோவா டாப்சனா, ஜேக்கப் சிக்ரனா? இருவரும் டிஃபென்ஸ். டாப்சன் 2023-24-ல் 79 ஆட்டத்தில் 70 பாயின்ட், அதாவது 1.90, அடுத்த ஆண்டு 71 ஆட்டத்தில் 39 பாயின்ட், 1.24. மூன்று ஆண்டுப் பங்கீட்டில் 1.47. சிக்ரன் கடைசி சீசனில் 74 ஆட்டத்தில் 20 கோல், 27 அசிஸ்ட், 1.54. முந்தைய ஆண்டுகளில் அவர் வேறு அணிகளில் ஆடியதால் அந்த ஓர் ஆண்டை மட்டும் எடுத்தோம். எண்ணில் சிக்ரன் சற்று மேலே. ஆனால் டாப்சனுக்கு அப்போது 25 வயது, சிக்ரனுக்கு 27. டாப்சன் ஆடிய நியூயார்க் ஐலண்டர்ஸின் பவர் பிளே (எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது ஆடும் ஆட்டம்) 2024-25-ல் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. அது கொஞ்சம் நிமிர்ந்தாலே அதை நடத்துகிற டாப்சனின் அசிஸ்ட் திரும்பும் என்று நம்பினோம். ஜூன் 20 இரவு டாப்சன் பெயரைப் போட்டுப் பூட்டினோம்.

ஜூன் 27-ல் ஐலண்டர்ஸ் டாப்சனை மான்ட்ரியலுக்கு மாற்றிவிட்டது. எட்டு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 95 லட்சம் டாலர். அவருக்கு நல்ல செய்தி, நமக்கு இல்லை. மான்ட்ரியலின் பவர் பிளேயில் மேல்முனையில் நிற்பவர் லேன் ஹட்சன்: முதல் முழு சீசனிலேயே 60 அசிஸ்ட், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. ஒரு பவர் பிளே அணியில் பெரும்பாலும் ஒரு டிஃபென்ஸுக்குத்தான் இடம். டாப்சன் இரண்டாவது அணிக்குப் போனால் 1.24-ஐ ஒட்டித்தான் இருப்பார் என்று இப்போது கணக்குப் போடுகிறோம்; மட்டத்துக்கு மேல் 0.29. விட்டுவிட்ட சிக்ரன் 0.59. வாஷிங்டனில் அவருக்கு மார்ச்சிலேயே எட்டு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அவருடைய இடம் அந்தக் கோடையில் மாறாது என்பது அப்போதே தெரிந்த விஷயம். அதை ஒரு நெடுவரிசையாக விரிதாளில் சேர்க்கவில்லை என்பதுதான் பிழை.

19-வது ஓவரில் யார்க்கர் போடுவதற்கென்றே இருக்கும் சின்னப்பம்பட்டி நடராஜனை நடு ஓவருக்கு மாற்றிவிட்டு, பழைய எக்கனாமியை வைத்துப் பேசினால் எப்படி இருக்கும்? அதேதான் இங்கேயும். ஜோனதன் ஹியூபர்டோ என்ற ஃபார்வர்டு 2021-22-ல் ஃபுளோரிடாவில் 115 பாயின்ட் எடுத்தார். அந்தக் கோடையிலேயே கால்கரிக்குப் போய், அடுத்த சீசனில் 55. வேலை மாறினால் சராசரி செத்துவிடும். இது தெரிந்திருந்தும், வேலையை ஓர் எண்ணாக எழுதி வைக்காததால் முடிவெடுக்கும் இரவில் வயது முன்னால் வந்து நின்றது.

இப்போது விரிதாளில் சேர்த்திருக்கும் நெடுவரிசைகள் மூன்று. பவர் பிளேயில் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம். அதே இடத்துக்குப் போட்டியாளர் யார். ஒப்பந்தம் எந்தக் கோடையில் முடிகிறது அல்லது ஆட்டக்காரரை வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா. இந்த மூன்றையும் நிரப்ப இருபது பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சராசரி போடும் வேலைக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், பின்னால் செய்தால் ஏற்கெனவே பிடித்துப்போன எண்ணுக்குச் சாக்குத் தேடுவதாகிவிடும்.

இளைஞர்கள் மூன்று பேர். இவான் டெமிடோவ் ரஷ்யாவின் கே.எச்.எல். லீக்கில் 65 ஆட்டத்தில் 49 பாயின்ட். அதை என்.எச்.எல். அளவுக்கு மாற்ற நாங்கள் வைத்த பெருக்கல் எண் 0.75, 82 ஆட்டத்துக்கு 46 பாயின்ட். ஏப்ரலில் மான்ட்ரியலுக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல், ஓர் அசிஸ்ட். இவரைப் பற்றிக் கவலை இல்லை. ஸெய்ன் பரேக் கனடிய ஜூனியர் லீக்கில் 61 ஆட்டத்தில் 107 பாயின்ட் எடுத்த டிஃபென்ஸ். ஜூனியருக்கு 0.30 என்று பெருக்கினால் 43 வருகிறது. ஆனால் அங்கே தாக்குதலே வேலையாக ஆடும் டிஃபென்ஸுக்கு இது தாராளம். 0.22-க்கு இறக்கினோம், 32 பாயின்ட். அப்போதைய வயது விதிப்படி 2025-26-ல் இவரை இடைநிலை லீக்கான ஏ.எச்.எல்.-லுக்கு அனுப்ப முடியாது: கால்கரியில் ஆட வேண்டும், இல்லை ஜூனியருக்கே திரும்ப வேண்டும். ஒன்பது ஆட்டம் வரை ஆடவிட்டுத் திருப்பி அனுப்பினால் ஒப்பந்த ஆண்டு கழியாது என்பதால், அக்டோபர் கடைசிவரை எதுவும் உறுதியில்லை. மூன்றாமவர் மினசோட்டாவின் கோலி யெஸ்பர் வால்ஸ்டெட், என்.எச்.எல்.-லின் 2021 டிராஃப்டில் 20-ஆவது. ஏ.எச்.எல்.-லில் மோசமான ஆண்டு. இருந்தாலும் அங்கே இருந்த மூத்த கோலி ஃப்ளூரி ஓய்வு பெற்றுவிட்டதால் இரண்டாம் கோலி இடம் காலியானது. கோலிக்குப் பொறுமை வேண்டும்: வுல்ஃப் 2019-ல் 214-ஆவதாக எடுக்கப்பட்டவர், முழு சீசன் நிற்க 2024 ஆகிவிட்டது. வால்ஸ்டெட்டுக்கு இன்னும் ஓர் ஆண்டு.

மொத்தக் கணக்கு: நான்கு ஞாயிறு, ஏறத்தாழ பதினாறு மணி நேரம். அச்சுக்கு 140 ரூபாய். அதில் 60 ரூபாய் இரண்டு பெட்டர்சனும் ஒருவராக இருந்த தாளுக்குப் போனது.

லீக்குக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஜூன் 23-ல் டிரெவர் செக்ராஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு, 27-ல் டாப்சன், மாத முடிவில் மிட்ச் மார்னர் வேகாஸுக்கு என்று இந்தப் பெரிய மாற்றங்கள் எல்லாமே எங்கள் பூட்டுக்குப் பிந்திய பத்து நாளில் நடந்தன. ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேறு அணியில் சேரும் சந்தை திறந்தது நமக்கு ஜூலை 1 இரவு 9.30. பூட்டு நாளை ஜூலை 6-க்குத் தள்ளினால் இதெல்லாம் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம். சீக்கிரம் பூட்டினால் ஊகத்துக்கு மதிப்பு இருக்கும் என்று ஏற்காட்டு அணி எதிர்க்கிறது. அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. வாக்கெடுப்பு 2025 ஆகஸ்டில். 2026 பிப்ரவரியில் ஒலிம்பிக்குக்காக என்.எச்.எல். நிற்கும் நாட்களை எங்கள் வார மோதல்களில் எப்படிப் பிரிப்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிக்க வேண்டும். டாப்சனுக்குச் சூரமங்கலத்து அணி மூன்றாம் சுற்றுத் தேர்வு தருவதாகக் கேட்டிருக்கிறது. மான்ட்ரியலின் பயிற்சி முகாமில் இரண்டு பவர் பிளே அணிகளும் எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது.